பிக்கப் வண்டிக்கு ‘சிப்’ பொருத்தலாமா?

விளைபொருளைச் சொந்த வண்டியில் சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் இன்று பெருகிவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி, சத்தியமங்கலத்துக்குப் பூ, மேட்டுப்பாளையத்துக்கு மலைக்காய்கறி என்று விடியுமுன்பே பிக்கப் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. திரும்பி வரும்போது உர மூட்டை, தீவனம், சொட்டுநீர்க் குழாய் என்று ஏதாவது ஏறிக்கொள்ளும்.

இந்த வண்டிகளுக்குச் ‘சிப்’ பொருத்தித் தருவதாகவும், அதனால் இழுவை கூடி டீசலும் மிச்சமாகும் என்றும் விளம்பரங்கள் வருகின்றன. தவணை கட்டி ஓட்டுகிற வண்டியில் இதைச் செய்யலாமா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது.

இழுவை கூடும் என்பது உண்மை. கூடுகிற இழுவை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியைத் தயாரித்தவர்கள் எஞ்சினின் ஆயுளுக்காக ஒதுக்கி வைத்த அளவிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. பாரம் ஏற்றாமல் ஓடும் வண்டிக்கு இதனால் உடனே கெடுதல் தெரியாது. பாரம் ஏற்றி மலை ஏறுகிற வண்டிக்கு அந்த ஒதுக்கீடுதான் பாதுகாப்பு.

பழைய பழக்கம், புதிய முறை

டிராக்டர் வைத்திருந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய விஷயம் அல்ல. பழைய டீசல் பம்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று இருக்கும். யாரும் தொடக்கூடாது என்பதற்காக அதற்கு சீல் வைத்திருப்பார்கள். அந்த சீலை உடைத்துத் திருகைச் சிறிது திருப்பினால் டீசல் கூடும், இழுவை கூடும், கரும்புகையும் கூடும். சில பருவம் உழுத பிறகு பிஸ்டன், ரிங், ஹெட் என்று செலவு வரிசையாக வரும்.

இன்றைய பிக்கப் வண்டிகளில் அந்தத் திருகு இல்லை. ‘காமன் ரெயில்’ என்னும் முறையில் உயர் அழுத்தப் பம்பு டீசலை ஒரு பொதுக் குழாயில் சேர்த்து வைக்கிறது. அங்கே அழுத்தம் 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் போகும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் இது சுமார் 700 மடங்கு. எந்த நொடியில், எவ்வளவு டீசல், எத்தனை தவணையாகத் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. இதை ஈ.சி.யூ. என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். காற்றின் அளவு, தண்ணீரின் வெப்பம், மிதியை அழுத்திய ஆழம், டர்போவின் அழுத்தம் ஆகியவற்றை சென்சார்கள் அதற்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும்.

1980களில் இத்தகைய கம்ப்யூட்டர்களில் கணக்குகள் அடங்கிய சில்லைக் கழற்றிவிட்டு வேறு சில்லைச் சொருகுவார்கள். ‘சிப்’ என்ற பெயர் அப்போது வந்தது. இப்போது சில்லைக் கழற்றுவதில்லை. உள்ளே உள்ள கணக்கை மட்டும் மாற்றுகிறார்கள். பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

மூன்று விதங்கள்

இன்று ‘சிப்’ என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

1. சென்சாரை ஏமாற்றும் சிறு மின்தடை: உள்ளே போகும் காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டும். குளிர்ந்த காற்றில் பிராணவாயு அதிகம் என்பதால், கம்ப்யூட்டர் டீசலைக் கொஞ்சம் கூட்டலாம். மூன்றில் மலிவானதும் பயன் குறைந்ததும் இதுவே.

2. டியூனிங் பெட்டி: பொதுக் குழாயின் அழுத்த சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே பொருத்துவார்கள். உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதாக இது சொல்லும். உடனே கம்ப்யூட்டர் அழுத்தத்தை உயர்த்தும். அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போய்ச் சேரும்.

3. கணக்கையே மாற்றுதல்: வண்டியைச் சோதிக்கும் பிளக் வழியாகவோ, கம்ப்யூட்டரைத் தனியே கழற்றியோ, டீசல் அளவு, தெளிக்கும் நேரம், டர்போ அழுத்தம், புகை வரம்பு, இழுவை வரம்பு எல்லாவற்றையும் திருத்தி எழுதுவார்கள். இதை ‘ரீமேப்’ என்பார்கள். டர்போ உள்ள டீசல் எஞ்சினில் 15 முதல் 30 சதவிகிதம் வரை சக்தி கூடுவது இந்த முறையில்தான்.

கம்பெனி ஏன் குறைத்து வைத்தது?

“இவ்வளவு சக்தி உள்ளே இருந்தால் கம்பெனியே ஏன் கொடுக்கவில்லை?” என்று கேட்பது நியாயம். இதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. பிக்கப் வண்டிகளும், அவற்றை மாற்றியமைக்கும் தொழிலும் மிகுதியாக உள்ள நாடு அது.

போர்டு கம்பெனி 2011 மாடல் பெரிய பிக்கப் வண்டிகளில் 6.7 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தியது. முதலில் 390 குதிரைசக்தி என்று அறிவித்துவிட்டு, சில மாதங்களில் கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் மாற்றி 400 ஆக்கியது. முன்பே வாங்கியவர்களுக்கும் அதை இலவசமாகச் செய்து கொடுத்தது. கணக்கை மாற்றினாலே சக்தி கூடும் என்பதற்கு இதுவே சான்று.

அதே எஞ்சினை, பின்னால் பெட்டி கட்டி நாள் முழுதும் பாரம் இழுக்கும் சேசிஸ் வண்டிகளுக்கு அதே கம்பெனி 300 குதிரைசக்தியாகக் குறைத்துக் கொடுத்தது. அதிகப் பாரம் இழுக்கும் வண்டிக்குச் சக்தி குறைவு. முரண்பாடாகத் தோன்றினாலும் காரணம் எளியது. பிக்கப் வண்டி சில நிமிடம் முழுச் சக்தியில் ஓடிவிட்டு ஓய்வு பெறும். சுமை வண்டி மணிக்கணக்கில் முழுச் சக்தியில் உழைக்கும். நெடுநேரம் உழைக்கும் எஞ்சினுக்கு அளவு குறைத்து வைத்தால்தான் அது பல ஆண்டு தாங்கும்.

நம் விவசாயிகளின் பிக்கப் வண்டி பெயருக்குத்தான் பிக்கப். உழைப்பைப் பார்த்தால் அது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஒரு சிறு கணக்கு

மலை ஏறும்போது உண்மையில் எவ்வளவு சக்தி தேவை என்று பார்ப்போம். வண்டியும் பாரமும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 12 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் ஏற்றம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். டயர் உராய்வையும் கியர்களில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் கொடுக்க வேண்டியது சுமார் 36 குதிரைசக்தி. எஞ்சினின் திறன் 70 குதிரைசக்தி என்றால் பாதிதான் செலவாகிறது.

இதே வண்டியில் அளவுக்கு மீறி இன்னும் ஒன்றரை டன் ஏற்றினால் தேவை 54 குதிரைசக்தியாக உயர்கிறது. இதுவும் எஞ்சினின் திறனுக்கு உட்பட்டதே. அப்படியானால் வண்டி ஏன் திணறுகிறது? பெரும்பாலும் கியர் காரணம். 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உள்ள எஞ்சின், நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது 28 குதிரைசக்திக்கு மேல் கொடுக்க முடியாது. அதே எஞ்சின் 1,900 சுற்றில் 54 கொடுக்கும். கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்காமல் மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி இழுக்காது, புகைதான் வரும். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்தால் செலவில்லாமல் சக்தி கிடைக்கும்.

ஆகவே “இழுவை போதவில்லை” என்று சொல்லும் வண்டிகளில் பலவற்றுக்குக் குறை எஞ்சினில் இல்லை. பாரத்தின் அளவிலும் ஓட்டும் முறையிலும் பராமரிப்பிலும் இருக்கிறது. சிப் பொருத்தினால் இவற்றில் எதுவும் சரியாகாது. ஏற்கனவே அதிகப் பாரம் ஏற்றுபவர் இன்னும் கொஞ்சம் ஏற்றத் தொடங்குவார். கூடிய சக்தியும் கூடிய பாரமும் சேர்ந்து வண்டியைத் தாக்கும். பிரேக், ஸ்பிரிங், அச்சு, டயர் ஆகியவற்றின் பலத்தைச் சிப் கூட்டுவதில்லை. ஏறுவதற்குச் சக்தி வந்தாலும் இறங்குவதற்கு உள்ள பிரேக் பழைய பிரேக்தான் என்பதை மறக்கக்கூடாது.

முதலில் கெடுவது எது?

டீசல் கூடினால் வெப்பம் கூடும். பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எண்ணெயும் தண்ணீரும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. ஏற்றத்தில் பத்து, இருபது நிமிடம் தொடர்ந்து அதிக டீசல் எரிந்தால் பிஸ்டன் தலையில் விரிசலோ ஓட்டையோ விழலாம். சமவெளியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து “ஒன்றும் ஆகவில்லை” என்று முடிவு செய்வது தவறு.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அழுத்தத்தைக் கூட்டினால் அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். எண்ணெய் சற்றுப் பழையதாக இருந்தாலும் தண்டின் தாங்கி தேய்ந்துவிடும்.

அடுத்தது கிளட்ச். 200 நியூட்டன் மீட்டருக்குச் செய்த கிளட்ச் தட்டின் மீது 260 ஏறினால், ஏற்றத்தில் வழுக்கும். எஞ்சின் சத்தம் உயரும், வண்டி நகராது, கருகிய வாசனை வரும்.

கியர்பெட்டியின் கதை இன்னும் மறைவானது. பால் பேரிங் ஒன்றின் மீது வரும் சுமை 30 சதவிகிதம் கூடினால், அதன் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பது பொறியியல் கணக்கு. சிப் பொருத்திய மறுமாதமே இது தெரியாது. ஓராண்டு, ஈராண்டு கழித்து அறுவடைக் காலத்தில் கியர்பெட்டி இரையத் தொடங்கும்போது பழைய காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. புகைக் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் கம்ப்யூட்டர் சுமார் 600 டிகிரி வெப்பத்தை உண்டாக்கி அதை எரித்துவிடும். அளவுக்கு மீறி டீசல் போனால் கரி அதிகம் சேர்ந்து வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லிச் சில இடங்களில் வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு தவறிலிருந்து அடுத்த தவறுக்குப் போவது இப்படித்தான்.

டீசல் மிச்சமாகுமா?

நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சின் ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் கொடுக்கச் சுமார் 200 மில்லி டீசல் எரிக்கிறது. கூடுதலாக 20 குதிரைசக்தியை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் கூடுதலாகச் சுமார் 4 லிட்டர் டீசல் செலவாகும். டீசல் இல்லாமல் சக்தி பிறக்காது.

பொறுமையாக ஓட்டுபவருக்கு, குறைந்த சுற்றில் இழுவை கூடுவதால் சிறிது மிச்சம் தெரியலாம். ஆனால் டாஷ்போர்டில் தெரியும் மைலேஜை நம்பக்கூடாது. டியூனிங் பெட்டி வைத்த வண்டியில், அழுத்தம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், உண்மையில் தெளித்ததைவிடக் குறைவான டீசல் செலவானதாகவே கணக்கிட்டுக் காட்டும். அதே ஏமாற்று இங்கும் வேலை செய்கிறது. டேங்கை நிரப்பி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் நிரப்பிப் பார்ப்பதே சரியான அளவு.

புகையும் சட்டமும்

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்திய சுமார் பத்தாண்டுகளில் 5,50,000க்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டதாக அது மதிப்பிட்டது. அந்த வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன் என்றும் சொன்னது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. கொட்டகை ஓரம் வண்டியை ஓடவிட்டு மூட்டை ஏற்றுகிற குடும்பத்தார்தான் அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள்.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது. அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று அந்தத் திருத்தம் அபராதத்தை உயர்த்தியது.

வாரண்டியும் இதில் சிக்கிக்கொள்ளும். கம்பெனிப் பட்டறையில் சோதனைக் கருவியைச் சொருகினால் கம்ப்யூட்டர் கணக்கின் அடையாள எண் தெரியும். மாற்றியிருந்தால் அந்த எண் பொருந்தாது. எஞ்சின் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்சில் தகராறு எழவும் இடமுண்டு.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டி முன்பு போல் இழுக்கவில்லை என்று தோன்றினால் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கவும்.

1. காற்று வடிகட்டி: மண் சாலையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே அடைத்துவிடும். அடைத்திருந்தால் புதிது போடவும்.

2. டீசல் வடிகட்டி: அடியில் தேங்கும் தண்ணீரை முறையாக வெளியேற்றவும். தண்ணீர் இன்ஜெக்டரைக் கெடுக்கும்.

3. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள்: கிளிப் தளர்ந்தோ குழாய் கிழிந்தோ இருந்தால் காற்று கசிந்து சக்தி குறையும். ‘புஸ்’ என்ற ஓசையும் கரும்புகையும் இதன் அடையாளம்.

4. சோதனைக் கருவியில் பிழைக் குறியீடு: ஏதாவது சென்சார் கெட்டிருந்தால் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைத் தானே குறைத்துவிடும். இந்த நிலையில் சிப் வைப்பது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் வேகமாக ஓடச் சொல்வதற்கு ஒப்பு.

5. புகைச் சுழற்சி வால்வு: கரி படிந்திருந்தால் தகுந்த பட்டறையில் சுத்தம் செய்யவும். தகடு வைத்து அடைக்க வேண்டாம்.

6. இன்ஜெக்டர்: நான்கிலும் திரும்பிவரும் டீசல் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லவும்.

7. டயர் காற்று, பிரேக் பிடித்திருத்தல், சக்கர நேர்மை: மூன்றும் இழுவையைத் தின்பவை. ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது.

8. கிளட்ச்: தேய்ந்திருந்தால் மாற்றவும். எண்ணெயைக் கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன காலத்தில் மாற்றவும்.

இத்தனையும் செய்த பிறகும் சக்தி போதவில்லை என்றால் வண்டி சிறியது என்று பொருள். ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை, அண்டை விவசாயியுடன் சேர்ந்து பெரிய வண்டி வாடகைக்கு எடுத்தல், அடுத்த முறை பெரிய எஞ்சின் உள்ள வண்டி வாங்குதல் ஆகியவற்றைக் கணக்குப் பார்க்கலாம்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

சிப் வைத்து உழைத்த வண்டிகள் பின்பு விற்பனைக்கு வருகின்றன. வெளித்தோற்றத்தில் தெரியாது. எஞ்சின் பக்கம் கம்பெனி வயருக்கு இடையே டேப் சுற்றிய இணைப்போ கூடுதல் பெட்டியோ இருக்கிறதா என்று பார்க்கவும். பெட்டியைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு. அப்போது சென்சார் பிளக்குகளில் கழற்றி மாட்டிய தடம் இருக்கும். வடிகட்டி உள்ள பி.எஸ். 6 வண்டியின் புகைக் குழாய் வாயில் துணியைவிட்டுத் துடைத்தால் துணி ஏறக்குறைய சுத்தமாக வரவேண்டும். கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி இல்லை, அல்லது கெட்டுவிட்டது. புகைக் குழாயில் வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிகிறதா என்று அடியில் குனிந்தும் பார்க்கவும். பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனிக்கவும். முன்பணம் கொடுக்குமுன் கம்பெனிப் பட்டறையில் கணக்கின் அடையாள எண்ணைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது.

டிராக்டருக்கும் இதுவே

2023 ஜனவரி முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்தன. அந்த டிராக்டர்களிலும் காமன் ரெயிலும் கம்ப்யூட்டரும் புகுந்துவிட்டன. எனவே சிப் விற்பவர்கள் டிராக்டரையும் தேடி வருவார்கள். பிக்கப் வண்டியாவது இறக்கத்தில் இளைப்பாறும். ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டருக்கு வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இளைப்பாறுதல் இல்லை. ஆகையால் அதில் இன்னும் எச்சரிக்கை தேவை.

ஆகவே, தவணை முடியாத வண்டியிலும், வாரண்டி உள்ள வண்டியிலும், நாள்தோறும் பாரம் ஏற்றும் வண்டியிலும் சிப் பொருத்துவதைத் தவிர்க்கவும். தக்காளி ஏற்றிய வண்டி மலைப்பாதையில் நின்றுவிட்டால், வண்டியைப் பழுதுபார்க்கும் செலவோடு அன்றைய சந்தையும் போய்விடும். சிப்புக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் வடிகட்டிகள், எண்ணெய், ரப்பர் குழாய்கள், டயர் இவற்றைக் கவனித்தால், வண்டி வாங்கியபோது இருந்த இழுவையைப் பெருமளவு திரும்பப் பெறலாம்.